குளம் பெரிதானால் கரைக்குப் பாரம் கூடுமா?

அக்டோபர் 6, காலை (வந்த கேள்வி)

"அண்ணாச்சி, நான் சிவில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஊர் சேரன்மகாதேவி பக்கம். தண்ணீரின் அழுத்தம் ஆழத்தை மட்டும் பொறுத்தது என்று புத்தகத்தில் இருக்கிறது. கணக்குப் போட்டால் விடை வந்துவிடுகிறது, மனசுதான் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது. எங்கள் ஊர்க் குளத்தில் ஒரு கரையில் நின்றால் மறு கரை தெரியாது. பக்கத்து ஊரில் அதே ஆழத்தில் ஒரு சின்னக் குளம். இரண்டு கரைக்கும் ஒரே பாரம் என்றால், எங்கள் குளத்தில் கூடுதலாகக் கிடக்கிற தண்ணீர் எல்லாம் எதைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது? தாத்தாவிடம் சொன்னேன். 'படிச்சது போதும், வயலுக்கு வா' என்கிறார்."

அக்டோபர் 6, இரவு

தம்பி, சூத்திரத்தை மூடி வைத்துவிட்டு ஒரு வெட்டு வெட்டுங்கள். கரையிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, தண்ணீருக்குள் மேலிருந்து அடிவரை செங்குத்தாக ஒரு கோடு. அந்தக் கோட்டுக்கும் கரைக்கும் நடுவே இருக்கிற தண்ணீரை மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள். அதன் மேல் என்னென்ன விசை? கீழே தரை அதன் எடையைத் தாங்குகிறது. ஒரு பக்கம் கரை தள்ளுகிறது, மறுபக்கம் கோட்டுக்கு அப்பால் இருக்கிற தண்ணீர் தள்ளுகிறது. துண்டு அசையாமல் நிற்பதால் இரண்டு தள்ளலும் சமம்.

இப்போது கோட்டை நூறு மீட்டர் தள்ளிப் போடுங்கள். அதே கதைதான். ஆயிரம் மீட்டர் தள்ளிப் போட்டாலும் அதேதான். ஒவ்வொரு வெட்டிலும் தண்ணீர் தண்ணீரையே தள்ளிச் சமன் செய்துகொள்கிறது. மறுகோடியில் அந்தக் கரையும் தன் பங்குக்கு இந்தப் பக்கமாகத் தள்ளுகிறது. கூடுதல் தண்ணீரின் எடை முழுவதையும் குளத்தின் அடித்தரை சுமக்கிறது. உங்கள் கரைக்கு அதில் பங்கு கிடையாது.

4 மீட்டர் ஆழம் என்றால் அடியில் ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 39 கிலோநியூட்டன், மேலே பூஜ்யம். சராசரியை ஆழத்தால் பெருக்கினால், கரையின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் 78.5 கிலோநியூட்டன். நம் கணக்கில் எட்டு டன். அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் அது தள்ளுகிறது. உங்கள் குளத்துக்கும் எட்டு டன், பக்கத்து ஊர்க் குளத்துக்கும் எட்டு டன்.

அக்டோபர் 7

"அப்படியென்றால் கன்னியாகுமரியில் கடலோரம் சுவர் கட்டினால் இந்து மகாசமுத்திரம் முழுவதும் அதன் மேல் சாயாதா?" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். சாயாது. அசையாத கடலாக இருந்தால் சுவரடியில் எவ்வளவு ஆழமோ அவ்வளவுதான். அலையும் ஏற்ற இறக்கமும் வேறு கணக்கு.

அக்டோபர் 9

6ஆம் தேதி இரவு சொன்னதில் ஒரு படி விட்டுப்போயிற்று. தண்ணீர்த் துண்டை வெட்டியபோது வெட்டுமுகத்துக்குச் செங்குத்தான தள்ளலை மட்டும்தான் போட்டோம். முகத்தோடு உரசி இழுக்கிற விசையை, அதாவது ஷியரை, ஏன் போடவில்லை? நின்றிருக்கிற தண்ணீருக்கு ஷியரைத் தாங்கத் தெரியாது, அதனால்தான். திடப்பொருளைப் பக்கவாட்டில் இழுத்தால் கொஞ்சம் சரிந்து, அதற்குமேல் சரியாமல் எதிர்த்து நிற்கும். சரிவின் அளவுக்குத் தக்க எதிர்ப்பு வரும். திரவம் அப்படி நிற்காது, சரிந்துகொண்டே போகும். எவ்வளவு வேகமாகச் சரிகிறதோ அதற்குத் தக்கதுதான் எதிர்ப்பு. வேகம் பூஜ்யமானால் எதிர்ப்பும் பூஜ்யம். திட இயக்கவியல், திரவ இயக்கவியல் என்று இரண்டு தாளாகப் பிரித்து வைத்திருப்பதற்குக் காரணம் இந்த ஒரு வித்தியாசம்தான். வெட்டி, ஒவ்வொரு விசைக்கும் ஓர் அம்பு போட்டு, சமன் செய்கிற வேலை இரண்டிலும் ஒன்றே.

இதை உறுதி செய்துகொள்ள நெல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய வீடுகளில் குலுக்கை பார்த்திருப்பீர்கள். அதில் நெல் கொட்டக் கொட்ட அடியில் அழுத்தம் ஏறிக்கொண்டே போகாது. ஓர் உயரத்துக்குமேல் ஏறக்குறைய அப்படியே நின்றுவிடும். நெல்மணி சுவரோடு உரசுகிறது, எடையில் ஒரு பங்கைச் சுவர் வாங்கிக்கொள்கிறது. ஜெர்மனியைச் சேர்ந்த யான்சென் 1895இல் இதற்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். அகலமான குலுக்கை, குறுகலான குலுக்கை என்று வடிவம் மாறினால் நெல்லுக்கு அழுத்தம் மாறும். தண்ணீருக்கு மாறாது. உங்கள் மனசு சொன்னது நெல்லுக்குச் சரி.

அக்டோபர் 13

தாத்தா பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. இரண்டு நாளாக அதுதான் மண்டையில் ஓடுகிறது. பெரிய குளத்தின் கரைக்கு ஆபத்து அதிகம் என்று அவர் நினைத்தால், அதற்குக் காரணம் உண்டு. அலை. காற்று எவ்வளவு தூரம் திறந்த நீர்ப்பரப்பின் மேல் ஓடி வருகிறதோ அவ்வளவுக்கு அலை வளரும். நம் நிலம் மேற்கே உயர்ந்து கிழக்கே சரிகிறது, அதனால் பல குளங்களுக்குக் கரை கிழக்கே. மேலக்காற்று பிடித்து வீசும்போது குளத்தின் முழு அகலத்திலும் வளர்ந்த அலை நேரே கரையில் வந்து அடிக்கும். கரையின் உட்பக்கம் கல் பதித்திருப்பது இதற்காகத்தான். கல் பெயர்ந்த இடத்தில் அலை மண்ணை எப்படிக் குடைந்து வைத்திருக்கிறது என்று போய்ப் பாருங்கள், படிக்கட்டு மாதிரி இருக்கும்.

அப்புறம், உடைந்தால் வெளியே பாயப்போகும் தண்ணீரும் பெரிய குளத்தில் அதிகம். ஆகவே தாத்தாவிடம் வாதாட வேண்டாம். நின்ற நீரின் தள்ளல் ஒன்றுதான் சமம், மற்றவை சமமில்லை.

அக்டோபர் 14

பேப்பரில் தினம் அணை நீர்மட்டம் போடுகிறார்களே, அதை வைத்தே இதைப் படிக்கலாம். முழு மட்டம் மணிமுத்தாறுக்கு 118 அடி, பாபநாசத்துக்கு 143 அடி, சேர்வலாறுக்கு 156 அடி. கொள்ளளவைப் பாருங்கள். மணிமுத்தாறும் பாபநாசமும் ஆளுக்குச் சுமார் 5500 மில்லியன் கன அடி. சேர்வலாறு 1225 தான், கால் பங்குகூட இல்லை. அந்த அடிக்கணக்கை அப்படியே ஆழமாக வைத்துக்கொண்டால், அடியில் அழுத்தம் மணிமுத்தாறில் 353 கிலோபாஸ்கல் (அதாவது சதுர மீட்டருக்கு அத்தனை கிலோநியூட்டன்), சேர்வலாறில் 466. கொஞ்சமாகத் தண்ணீர் தேக்குகிற அணையில்தான் அழுத்தம் அதிகம்.

அடி என்பது அணையைக் கட்டுகிறவனுக்கு. மில்லியன் கன அடி என்பது நெல் போடுகிறவனுக்கு. கன அடி என்று மொட்டையாக எழுதி வரத்து, வெளியேற்றம் என்று போடுவது ஒரு நொடிக்கு ஓடுகிற அளவு, ஒரு கன அடி என்றால் 28.3 லிட்டர். மூன்றையும் குழப்பிக்கொண்டு விடைத்தாளில் எழுதுகிற பிள்ளைகளைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது, தினம் டீக்கடையில் படிக்கிற எண்கள் இவை.

அக்டோபர் 20

சரி, இனி திடப்பொருள் பக்கம். அதே 4 மீட்டர் தண்ணீரை மண்கரைக்குப் பதில் ஒரு கல் சுவர் தடுக்கட்டும். நேரான செவ்வகச் சுவர், உயரம் 4 மீட்டர், கன மீட்டருக்கு 23 கிலோநியூட்டன் எடை. எவ்வளவு தடிமன் வேண்டும்? இதை நான் வகுப்பில் மூன்று தடவையாகப் போட வைப்பேன்.

முதல் தடவை: சுவர் கவிழக்கூடாது. தண்ணீர் 78.5 கிலோநியூட்டனில் தள்ளுகிறது, மூன்றில் ஒரு பங்கு உயரத்தில். கவிழ்க்கும் திருப்பம், ஒரு மீட்டர் நீளத்துக்கு, சுமார் 105 கிலோநியூட்டன்-மீட்டர். சுவரின் எடை அதைச் சமாளிக்க 1.5 மீட்டர் தடிமன் போதும். பையன்கள் இங்கே பேனாவை மூடிவிடுவார்கள்.

இரண்டாம் தடவை: கல் சுவர் அழுத்தத்தைத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. தண்ணீர்ப் பக்கத்து அடி முனையில் இழுவிசை வந்தால் சாந்து இணைப்பு வாய் பிளக்கும். அது வராமல் இருக்க, எடையும் தள்ளலும் சேர்ந்த விசை அடிப்பரப்பின் நடு மூன்றில் ஒரு பங்குக்குள் விழ வேண்டும். இப்போது தடிமன் 2.6 மீட்டர்.

மூன்றாம் தடவை: சுவருக்கு அடியிலும் தண்ணீர் போகும். கசிந்து போய், அடியிலிருந்து சுவரை மேல்நோக்கித் தூக்கும். தண்ணீர்ப் பக்கம் முழு அழுத்தம், மறுபக்கம் பூஜ்யம் என்று வைத்துக் கணக்குப் போட்டால் தடிமன் 3.45 மீட்டர்.

1.5 எங்கே, 3.45 எங்கே! சூத்திரம் மூன்று தடவையும் ஒன்றுதான். வெட்டிய துண்டைச் சுற்றி எத்தனை அம்பு போட்டோம் என்பதில்தான் வித்தியாசம். துண்டை வெட்டி அம்பு போடுகிற இந்த ஃப்ரீ பாடி டயகிராமை இரண்டு மார்க் படமாக நினைக்கிறவர்களுக்கு இதைவிடப் பெரிய எச்சரிக்கை என்னிடம் இல்லை. பிரான்சில் பூசே அணை 1895இல் உடைந்து எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அடியிலிருந்து தூக்குகிற அந்த அம்பை வடிவமைப்பில் சேர்க்கவில்லை.

அக்டோபர் 21

நடு மூன்றில் ஒரு பங்கு எங்கிருந்து வந்தது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். அடியில் ஒரு வெட்டு. விசை நடுவிலிருந்து விலகி விழுந்தால், நேரடி அழுத்தத்தோடு வளைவும் சேரும். ஒரு முனையில் கூடும், மறு முனையில் குறையும். விலகல் தடிமனில் ஆறில் ஒரு பங்கு ஆகும்போது குறைகிற முனை சரியாகப் பூஜ்யம். இரு பக்கமும் ஆறில் ஒன்று, சேர்த்தால் மூன்றில் ஒன்று.

நவம்பர் 2

மண்கரைக்கு வருவோம். 5 மீட்டர் உயரம், மேல் அகலம் 3, இரு பக்கமும் ஒன்றுக்கு இரண்டு சரிவு என்றால் அடி அகலம் 23 மீட்டர். ஒரு மீட்டர் நீளத்துக்கு 65 கன மீட்டர் மண், 117 டன். 4 மீட்டர் தண்ணீரின் தள்ளல் எட்டு டன். பதினான்கு மடங்கு எடை உள்ள கரையைத் தண்ணீர் தள்ளி நகர்த்தப் போவதில்லை. பின்னே ஏன் உடைகிறது?

ஒன்று, மேலே வழிந்து அரிக்கிறது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியபோது நம் பக்கத்துக் குளங்களும் திணறியதை எல்லோரும் பார்த்தோம். இன்னொன்று உள்ளே நடப்பது. எலி வளை, நண்டு வளை, பட்டுப்போன மரவேர் வழியாகத் தண்ணீர் வழி கண்டுபிடிக்கிறது. ஓடுகிற தண்ணீர் மண்துகளை இழுக்கிறது. மேல்நோக்கி வருகிற ஓட்டத்தில், ஒரு மீட்டர் மண்ணைக் கடக்க ஏறக்குறைய ஒரு மீட்டர் நீர்மட்ட வித்தியாசம் செலவானால் மணல் தன் எடையை இழந்து மிதக்க ஆரம்பிக்கும். அப்புறம் அது திரவம் மாதிரிதான், ஷியர் தாங்காது.

அந்த வெள்ளத்தின்போது ஒரு கரையின் வெளிப்புற அடியில் ஊற்று கிளம்பியதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டம், நடுவில் மணல் கொப்பளித்து எழுந்து ஓரத்தில் சின்ன மேடாகப் படிந்துகொண்டே இருந்தது. வந்த தண்ணீர் கலங்கல். இளவட்டங்கள் அதன் மேல் மூட்டையைப் போட்டு அமுக்கப் போனார்கள். மடை பார்க்கிற பெரியவர் ஒருவர் கையை நீட்டித் தடுத்தார். "வாயை அடைக்காதியளே, சுத்தி அடுக்குங்க" என்றார். கிணற்று உறை மாதிரி மூட்டைகளை வட்டமாக அடுக்கி உள்ளே தண்ணீரை இடுப்பளவுக்கு ஏறவிட்டார்கள். கொப்பளிப்பு தணிந்தது, வருகிற தண்ணீர் தெளிந்தது.

அவர் செய்தது சுத்தமான திரவ இயக்கவியல். ஊற்றை அடைத்தால் அழுத்தம் உள்ளேயே இருந்து வேறு இடத்தில் வாய் திறக்கும். சுற்றி நீர்மட்டத்தை ஏற்றினால் குளத்துக்கும் ஊற்றுக்கும் உள்ள மட்ட வித்தியாசம் குறையும், ஓட்டம் மெதுவாகும், மணல் தன் எடையோடு கீழே உட்காரும். கசிவு தெளிவாக வந்தால் கவனித்துக்கொண்டிருக்கலாம், கலங்கி வந்தால் கரைக்குள்ளிருந்து மண் போய்க்கொண்டிருக்கிறது. இதை எந்தப் பரீட்சையிலும் கேட்கமாட்டார்கள், ஆனால் சிவில் படித்தவனுக்குத் தெரிந்தே ஆக வேண்டும்.

நவம்பர் 3

மடையில் போகிற தண்ணீருக்கும் கலுங்கில் போகிற தண்ணீருக்கும் ஏன் வேறு வேறு சூத்திரம் என்று கேள்வி.

மடை ஆழத்தில் இருக்கிற துவாரம். மேலே நிற்கிற உயரத்தின் வர்க்கமூலத்துக்குத் தக்க வேகம் வரும், டாரிசெல்லி 1643இல் சொன்னது. 30 சென்டிமீட்டர் சதுரத் துவாரம், மேலே 3 மீட்டர் தண்ணீர் என்றால் நொடிக்கு 410 லிட்டர் போல வரும். தண்ணீர் 1.5 மீட்டருக்கு இறங்கினால் பாதியாகக் குறையாது, 290 வரும். குளம் பாதி ஆழத்துக்கு வற்றியும் மடை எழுபது சதவீதம் கொடுக்கிறது.

கலுங்கு, அதாவது குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகிற தாழ்ந்த சுவர், அப்படி இல்லை. அங்கே உயரம் ஏறினால் வேகமும் ஏறும், தண்ணீர் போகிற வாயின் அளவும் ஏறும். இரண்டும் சேர்ந்து உயரத்தின் ஒன்றரை அடுக்கு. 20 மீட்டர் நீளக் கலுங்கில் 30 சென்டிமீட்டர் வழிந்தால் சுமார் 200 கன அடி, 60 சென்டிமீட்டர் வழிந்தால் 560. உயரம் இரண்டு மடங்கு, வெளியேற்றம் 2.8 மடங்கு. வெள்ளத்துக்கு இதைவிட நல்ல வாசல் கிடையாது, கதவு இல்லாமல் தானே திறந்துகொள்கிறது.

அதனால்தான் கலுங்குக் கல்லுக்கு நடுவே மணல் மூட்டை அடுக்கி இன்னும் ஓர் அடி தேக்குவதைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. நவம்பர் பாதிக்குமேல் அதைச் செய்யவே கூடாது. தண்ணீர் ஆசை எனக்கும் புரிகிறது, பிசான நெல்லுக்கு ஒரு தண்ணீர் கூடக் கிடைக்கும் என்றுதான் செய்கிறார்கள். ஆனால் அந்த ஓர் அடியில்தான் கரை தப்பிப்பதற்கான இடம் இருக்கிறது.

நவம்பர் 11

பேச்சு பனைமரத்துக்குப் போயிருக்கிறது. திசையன்விளைப் பக்கத்திலிருந்து ஒருவர்: "ஓட்டு வீட்டுக்குப் பனங்கட்டை போடும்போது ஆசாரி ஏன் சட்டத்தைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வைக்கிறார்?"

5க்கு 15 சென்டிமீட்டர் சட்டத்தை நிறுத்தி வைத்தால், படுக்க வைத்ததைவிட வளையாமல் நிற்கும் திறன் 9 மடங்கு, உடையாமல் தாங்கும் திறன் 3 மடங்கு. மரம் அதே மரம். வளைகிற சட்டத்தை நடுவில் வெட்டிப் பாருங்கள். மேல்பாதி அமுங்குகிறது, கீழ்பாதி இழுபடுகிறது, நடுக்கோட்டில் ஒன்றுமில்லை. நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளிச் சரக்கு இருக்கிறதோ அவ்வளவு பலம்.

பனை இதைத் தன் உடம்பிலேயே வைத்திருக்கிறது. அடிமரத்தை அறுத்த முகத்தைப் பார்த்தால் வெளி வட்டத்தில் கறுப்பு நார் நெருக்கி நெருக்கி, வைரம் பாய்ந்து கிடக்கும். உள்ளே போகப் போக நார் கலைந்து வெளுத்த, மென்மையான சோற்றுப் பகுதி. ஓர் உருளையில் விட்டத்தில் பாதி அளவுக்கு உள்ளே குடைந்து எடுத்துவிட்டால் சரக்கு கால் பங்கு போய்விடும், வளைவை எதிர்க்கும் விறைப்பு பதினாறில் ஒரு பங்குதான் போகும். உயரமாக நின்று மேலக்காற்றை வாங்குகிற மரத்துக்கு எங்கே பலம் வேண்டுமோ அங்கே இருக்கிறது.

கலிலியோ 1638இல் சுவரில் செருகிய சட்டத்துக்குக் கணக்குப் போட்டபோது வெட்டுமுகம் முழுவதும் இழுபடுகிறது என்று வைத்துக்கொண்டார். அமுங்குகிற பாதியைப் போடவில்லை. இழுவிசைக்கு எதிராகக் கிடைமட்டத்தில் ஓர் அம்பு வேண்டுமே என்று சமன்பாடு எழுதியிருந்தால் பிடிபட்டிருக்கும். அவர் விடை செவ்வகச் சட்டத்துக்கு மூன்று மடங்கு கூடுதல் பலம் காட்டுகிறது.

நவம்பர் 12

திருநெல்வேலியில் தாமிரபரணிக்குக் குறுக்கே நிற்கிற சுலோச்சன முதலியார் பாலத்தையும் சொல்லாமல் விட முடியாது. 1843இல் திறந்தது. வளைவுகள், வளைவுகளாக. தொங்குகிற சங்கிலியில் இழுவிசை மட்டுமே இருக்கும். அதே வடிவத்தைத் தலைகீழாகக் கவிழ்த்தால் அழுத்தம் மட்டுமே இருக்கும் என்று ஹூக் 1675இல் சொன்னார். இழுவை தாங்காத கல்லுக்கு ஏற்ற வடிவம் அது. கொக்கிரகுளம் பக்கம் ஆற்றில் இறங்கி, ஒரு வளைவின் காலடியில் நின்று மேலே பாருங்கள். கல் எந்தத் திசையில் தள்ளுகிறது, அந்தத் தள்ளலை எது வாங்குகிறது என்று கையால் கோடு இழுத்துப் பார்த்தால் பாதிப் பாடம் முடிந்தது.

நவம்பர் 23

காற்றாலை பற்றிக் கேட்டவருக்கு, சுருக்கமாக. பணகுடி, வள்ளியூர் பக்கம் நிற்கிற எந்தக் காற்றாலையும் தன் வட்டத்துக்குள் வருகிற காற்றின் ஆற்றலில் 59.3 சதவீதத்துக்குமேல் எடுக்க முடியாது. இறக்கையின் வடிவம் தெரியாமலே இதை நிறுவலாம். காற்றாலையைச் சுற்றி ஒரு கற்பனைக் குழாய் வரைந்து, உள்ளே வருகிற காற்று, வெளியே போகிற காற்று, அதன் வேகம், இவற்றை மட்டும் சமன் செய்தால் போதும். திடத்தில் ஃப்ரீ பாடி என்றால் ஓட்டத்தில் கண்ட்ரோல் வால்யூம். முழு ஆற்றலையும் பிடுங்கினால் காற்று பின்னால் நின்றுவிடும், அடுத்த காற்று வர வழியிருக்காது.

டிசம்பர் 1

சேரன்மகாதேவித் தம்பி கணக்கு அனுப்பியிருக்கிறார். தன் ஊர்க் கலுங்குச் சுவரை அவரே டேப் பிடித்து அளந்து, படம் வரைந்து, தடிமன் போதுமா என்று பார்த்திருக்கிறார். தாத்தாதான் டேப்பின் மறுமுனையைப் பிடித்தாராம்.

தம்பி, நல்ல வேலை. மூன்று விஷயம் பாருங்கள். தண்ணீர் கலுங்குக்கு மேலே 60 சென்டிமீட்டர் வழியும்போது சுவரின் தலையில் அழுத்தம் பூஜ்யம் ஆகாது, உங்கள் முக்கோணத்தின் உச்சி வெட்டுப்பட்டுச் சரிவகமாக வரும். மறுபக்கம் விழுந்து தேங்குகிற தண்ணீர் எதிர்த்துத் தள்ளுகிறது, அதை நம்பிக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது இல்லாத நேரமும் உண்டு. அப்புறம் சுவருக்கு அடியிலிருந்து மேல்நோக்கி அம்பு இல்லை. அதைப் போட்டு நடு மூன்றில் ஒரு பங்கை மறுபடி சரிபாருங்கள். கல்லின் எடையைப் புத்தகத்திலிருந்து எடுக்காமல், உடைந்து கிடக்கிற ஒரு துண்டைத் தராசில் ஒரு தடவையும் தண்ணீருக்குள் தொங்கவிட்டு ஒரு தடவையும் நிறுத்து எழுதுங்கள். விடை வந்ததும் அனுப்புங்கள், நான் என் பக்கம் தனியாகப் போட்டு வைக்கிறேன்.